அம்மா வீட்டுச் சிலிண்டரைத் தட்டிய கதை

பிள்ளைகளே, சில வேலைகள் கையோடு வீட்டுக்கும் வந்துவிடும். நான் பழைய காஸ் சிலிண்டர்களைச் சோதிக்கிற பட்டறையில் இருப்பவன். காலிச் சிலிண்டரைச் சின்னச் சுத்தியலால் தட்டுவோம். மணிபோல் ஒலித்தால் நல்லது. 'தொப்' என்றால் துருவோ விரிசலோ இருக்கலாம், ஒதுக்கிவிடுவோம். அதற்கு ஆங்கிலத்தில் 'கண்டெம்' என்பார்கள். எங்கள் வாயில் அது 'கண்டம்' ஆகிவிட்டது. (தர்பூசணியைக்கூட அப்படித்தான் ஒதுக்குவேன்.)

அப்போது உங்கள் அம்மா ஜாலான் புசாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கல்லாவில் இருந்தாள். அவளைப் பார்க்கவே ஞாயிறுதோறும் திருகாணி வாங்குவேன். மீதிச் சில்லறை தரும் அந்த ஒரு நிமிடத்துக்காக வாரம் முழுக்க ஏங்குவேன். ஒருவழியாகப் பெண் கேட்டதும், தாத்தா தெம்பனிஸில் இருந்த தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் சரியென்றால் கல்யாணம்; இல்லையென்றால் ஆயுளுக்கும் திருகாணிதான்.

தாத்தா கூடத்தில் என் ஜாதகத்தை விரித்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போனேன். அம்மா மீன்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். ஆயிரம் பேச நினைத்துப் போனவனுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கரண்டியால் சிலிண்டரைத் தட்டியது.

தொப்.

அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "கண்டம், கண்டம்" என்று சொல்லிக்கொண்டே வேறு.

தாத்தா ஜாதகத்திலிருந்து நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. "யாருக்குத் தம்பி கண்டம்?"

"வீட்ல இருக்கிற எல்லாருக்குமே, அங்கிள்."

அவர் ஜாதகத்தை மெதுவாக மடித்தார். என் கல்யாணமும் சேர்ந்து மடிந்தது. நான் பட்டறை, சுத்தியல், துரு என்று உளறிக்கொண்டிருந்தபோது பின்னாலேயே அம்மா வந்தாள்.

"நேத்துதான் மாத்தினோம். நிறைஞ்சிருக்கிறது எப்படிங்க மணியடிக்கும்?"

பட்டறையில் காலிச் சிலிண்டரையே தட்டித் தட்டிப் பழகியதில், இது என் புத்திக்கு எட்டவே இல்லை. தாத்தா இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு சொன்னார்: "மாப்ள, பசிக்குது லா. தூக்கிட்டு வந்து மாட்டுங்க."

மாப்ள என்று சொன்னதைக் கேட்டதும் சிலிண்டர் பஞ்சாகிவிட்டது.

இப்போது அம்மா பெர்த்தில், சித்தியின் பிரசவத்துக்குத் துணையாக. நீங்கள் பேசித் தீர்த்த பிறகுதான் போன் என்னிடம் வரும். நான் அதைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"என்ன, சத்தமே இல்ல. கண்டமா?" என்பாள்.

"இல்ல. நிறைஞ்சிருக்கு" என்பேன்.