அப்பாவின் காது அளவு

"நிக்கவே மாட்டேங்குதுடா. ராத்திரி பூரா நழுவி நழுவி விழுந்துச்சு" என்றார் அப்பா.

மகனான கண்ணாடிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. முந்தின நாள் அவர் வாங்கிக் கொடுத்த இயர்போன், அந்த நிமிஷம், அப்பாவின் இரண்டு காதுகளிலும் வார்த்து ஊற்றியதுபோல உட்கார்ந்திருந்தது. ஒயரைப் பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எங்கேப்பா நழுவுது? மரத்துல அடிச்ச ஆணி மாதிரி நிக்குது."

"இப்ப நிக்குது. நீ போனப்புறம் நிக்காது."

பதினெட்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம் பொருத்துகிறவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? முகத்தை ஒருமுறை பார்த்தால் போதும். மூக்குத்தண்டின் அகலம், காதுமடலின் உயரம் எல்லாவற்றையும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லிவிடுவார். அவர் பொருத்திய பிரேம் நழுவுகிறது என்று இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. முதல் புகார் பெற்ற அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது, அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து.

ஆனால் இது ரோஷப்படும் நேரமில்லை. வெள்ளிக்கிழமை காலை அப்பாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கினால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று தவறினால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். அந்த இதயம் இரண்டு மாதம் தாங்காது என்பதையும் அவரே, தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருந்தார். இன்று செவ்வாய். கட்டிலில் தொங்கிய அட்டையில் நூற்றெழுபது.

அழுத்தம் ஏறுவதற்குக் காரணம் பக்கத்துப் படுக்கை. நடுவில் பச்சைத் துணித் திரை. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் வலியில் முனகிக்கொண்டே இருந்தார். அந்த முனகலில் அப்பாவுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. திங்கட்கிழமையே கண்ணாடிக்காரர் நர்ஸிடம் போய் நின்றிருந்தார்.

"அவரை வேற வார்டுக்கு மாத்திடுங்களேன், சிஸ்டர்."

"எங்கே மாத்தறது? வயித்துல கட்டி. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. வந்து பார்க்கவும் ஆள் கிடையாது."

"அதுக்கு எங்கப்பா என்ன பண்ணுவார்?"

இதையெல்லாம் கேட்டபடி அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.  அன்றைக்கே கண்ணாடிக்காரர் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய், காதை முழுக்க அடைக்கிற இயர்போன் ஒன்றை வாங்கி, அப்பாவுக்குப் பிடித்த பழைய பாட்டுகளையும் பிரார்த்தனைகளையும் அவருடைய போனில் ஏற்றிக் கொடுத்தார். நல்ல பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய அன்புக்கு ஒரு கட்டிலின் அகலம்தான் இருந்தது.

இப்போது அவர் சட்டைப்பையிலிருந்து கடை அளவுகோலை எடுத்தார்.

"என்னடா பண்ணப் போறே?"

"காது அளவு எடுக்கப் போறேன். ஆடாம இருங்க."

"காதுக்குமா கண்ணாடி?"

அளந்து பார்த்ததில் ஐயம் தீர்ந்தது. அப்பாவுக்கு நல்ல பெரிய காது. நழுவுகிறதென்றால் முனையில் இருக்கிற ரப்பர் போதவில்லை என்று அர்த்தம். பெட்டியோடு வந்த ரப்பர்களில் ஆகப் பெரியதைத் தேடி மாட்டினார். அதற்குள் திரைக்கு அந்தப் பக்கம் முனகல் ஓங்கியது.

"கேட்டீங்களா? இதுக்குத்தான் இறுக்கமா நிக்கணும்ங்கறேன்."

"சரிடா, சரி. மணி அஞ்சாகப் போகுது, பார்க்க விடற நேரம் முடியுது. நீ கிளம்பு" என்று அப்பா அவசரப்படுத்தினார்.

புதன்கிழமை அட்டையில் நூற்றெண்பத்தைந்து.

"உள்ளேயே போகலைடா. திணிச்சா காது வலிக்குது. ஒருக்களிச்சுப் படுத்தா குத்துது. அப்புறம் அந்தச் சத்தம்! அடித்தாளம் வயித்துல போய் இடிக்குது. பாட்டுதானே கேட்டேன், பாறையா உடைக்கச் சொன்னேன்?"

"நீங்க எங்கேப்பா ஒருக்களிச்சுப் படுக்கறீங்க? நிமிர்ந்து சாஞ்சேதான் இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரே!"

அப்பா ஒரு கணம் யோசித்தார். "படுத்தா குத்தும்ல?"

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு ஓடினார்.

"தாளச் சத்தம் அதிகமா இருக்காம்."

"அதுதான் சார் இதுல விசேஷமே" என்றார் கடைக்காரர். "அப்படியே நெஞ்சுல வந்து அடிக்கும்."

"நெஞ்சுலதான்யா ஆபரேஷன்!"

கடைக்காரர் சத்தம் காட்டாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்துவந்தார். காதுமடலைச் சுற்றி வளைந்து பிடிக்கிற கம்பி, சடை போலப் பின்னிய தடித்த கேபிள். "யானை இழுத்தாலும் வராது, சார்."

காதுமடலைச் சுற்றுகிற கம்பி என்றதும் கண்ணாடிக்காரருக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல ஆகிவிட்டது. கண்ணாடிக் காம்பை வளைக்கிற அதே கவனத்தோடு, அப்பாவின் காதுக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பதும், கழற்றுவதும், விரலால் அழுத்துவதும், மறுபடி வைப்பதுமாக அரை மணி நேரம் வேலை செய்தார். திரைக்கு அப்பால் முனகல் அழுகையாகிவிட்டிருந்தது.

"போதும்டா. விட்டுடு."

"இருங்கப்பா. இடது பக்கம் இன்னும் ஒரு நூல் இறங்கணும்."

"போதும்னு சொல்றேன்ல!"

அப்பாவின் கண்ணில் தண்ணீர் தளும்பியது. தன் அக்கறையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டார் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது, அப்பாவின் இடது கையில் இருந்த சலைன் ஊசி வலது கைக்கு மாறியிருந்தது. போர்வையில் ரத்தக் கறை. கேபிள் நீளம் போதாமல் எட்டி இழுத்ததில் ஊசி பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாம். அட்டையில் இருநூறு.

டாக்டர் நடைபாதையில் நின்றபடியே சொன்னார்: "நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பார்ப்பேன். இப்படியே இருந்தா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பக்கத்துல இருந்து பார்த்துக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தின் அர்த்தம் கண்ணாடிக்காரருக்குப் புரிந்தது. கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். 

"போன் உங்க மடியிலதானே இருக்கு? காதுக்கும் மடிக்கும் ரெண்டு முழம். கேபிள் எப்படிப்பா போதாமப் போகும்?"

"கோவிச்சுக்காதே. ஒரே ஒரு தடவை நான் சொல்றதைக் கேளு. அளவெல்லாம் எடுக்காதே. இருக்கறதுலேயே ஆகச் சின்ன ரப்பர். வலது காதுக்கு மட்டும் போதும். கம்பி கிம்பி வேண்டாம். அடித்தாளமே கூடாது, குரல் மட்டும் தெளிவா விழணும். கேபிள் நாலஞ்சு முழம்."

"நாலஞ்சு முழமா? துணி காயப்போடவா?"

"வாங்கிட்டு வாடா, கண்ணு."

முப்பத்தைந்து வருஷம் வீடு வீடாகத் தபால் கொடுத்த மனிதர். வெயிலிலும் மழையிலும் யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்காதவர். அவர் இப்படிக் கெஞ்சிக் கண்ணாடிக்காரர் பார்த்ததில்லை.

கண்ணாடிக்காரர் வாங்கிவந்தார். சின்னப் பிள்ளைகள் காதுக்கு உண்டான ரப்பர், ஒற்றை முனை, ஒன்றோடொன்று செருகி நீட்டிய இரண்டு கேபிள். அப்பாவின் பெரிய காதில் அது, கொட்டாவி விட்ட வாயில் ஒற்றைப் பல் மாதிரி தெரிந்தது. இப்படி ஒரு பொருத்தத்தைக் கடையில் யாராவது செய்திருந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழித்திருப்பார்.

"பிரமாதம்" என்றார் அப்பா, பாட்டைப் போடுவதற்கு முன்னாலேயே. "ஜென்மத்துக்கும் இதுபோல ஒண்ணு அமையாது. நீ கிளம்பு."

கண்ணாடிக்காரர் நம்பவில்லை. போகிற வழியெல்லாம் கடவுளிடம், அப்பாவின் உயிரைக் காப்பாற்றும்படி கேட்டார். ரப்பர் அளவைப் பற்றியும் கொஞ்சம் முறையிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நூற்று முப்பத்தெட்டு.

டாக்டர் நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். நூற்று முப்பத்தாறு.

"என்ன பண்ணினீங்க?"

"இயர்போனை மாத்தினேன், டாக்டர்" என்றார் கண்ணாடிக்காரர். குரலில் அடக்கம் காட்டத்தான் பார்த்தார், முடியவில்லை.

தள்ளுவண்டி வந்தது. நாலு நாளில் முதல்முறையாக அப்பாவின் முகம் தூங்கி எழுந்த முகமாக இருந்தது. வார்டே கழுவிவிட்டதுபோல அமைதியாக இருந்தது. வண்டி நகரும்போது அப்பா பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என் சாமான் எதையும் எடுக்காதே. எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கட்டும்."

"சரிப்பா. நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்க."

ஆபரேஷன் அறைக் கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்பது? ஏதாவது ஒன்றைச் சரிசெய்தால்தான் கண்ணாடிக்காரருக்கு மனசு அடங்கும். வார்டுக்குத் திரும்பி, அப்பாவின் சாமான்களை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார்.

இயர்போனைக் காணவில்லை. போனையும் காணவில்லை.

இழுப்பறையைக் கவிழ்த்தார். தலையணையை உதறினார். கட்டிலுக்கடியில் குனிந்தபோது, எதிர்ப்பக்கம் ஒரு துடைப்பமும் இரண்டு பாதங்களும் தெரிந்தன. வார்டைப் பெருக்குகிற அம்மா. கண்ணாடிக்காரர் விறைப்பாக எழுந்து நின்றார்.

"ஏம்மா, இங்கே இருந்த போனும் இயர்போனும் எங்கே?"

"பத்திரமா இருக்கு, தம்பி."

"பத்திரமான்னா? உங்க வீட்டுலயா?"

"ஐயோ, என்ன பேச்சு இது?"

"உள்ளே ஒருத்தர் உயிருக்குப் போராடறார். அவர் சாமானை எடுக்க எப்படிம்மா மனசு வந்துச்சு? அது என்ன தெருவுல விக்கற பொருளா? நாலு நாளா நாயா அலைஞ்சு எங்கப்பா காதுக்குன்னே பார்த்துப் பார்த்து வாங்கினது!"

அந்த அம்மா உதட்டில் விரலை வைத்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரையை ஒரு சாண் விலக்கினாள். அங்கே, பத்து வயதுப் பையன் அளவுக்கு வற்றிப்போன ஒரு பெரியவர், இடது பக்கமாக ஒருக்களித்துச் சுருண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க, தம்பி, இப்பதான் அசந்தாரு. தினமும் நீங்க வந்துட்டுப் போற அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும்தானே உங்கப்பா இவரு காதுலேருந்து அதைக் கழட்டி வாங்கி மாட்டிக்குவாரு!"