இடப்பக்கம் கிளியர்

தண்டவாளமே இல்லாத கல்முனையில், சமதரையில் நடக்கத் தெரியாத ஒரே மனுசர் எங்கள் இஞ்சின் காக்காதான். மட்டக்களப்பு ரயிலை ஓட்டி ஓட்டியே பென்சன் எடுத்தவர். ஆடுகிற தரையில் நின்று பழகிய கால்கள் ஆடாத தரையை நம்பவில்லை. பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நின்றால் இரண்டு பேருடைய இடம் வேண்டும். குண்டும் குழியுமான அக்கரைப்பற்று வீதியில் பஸ் குலுங்கும்போதோ, கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி பிளேன்டீ குடிப்பார். ஒரு சொட்டுச் சிந்தாது.

பார்வைதான் இன்னும் மோசம். அந்தக் காலத்து இஞ்சினில் சாரதி அறைக்கு முன்னால் ஒரு வீட்டு நீளத்துக்கு மூக்கு. வலப்பக்க ஜன்னலில் இருப்பவருக்கு இடப்பக்கம் தெரியாது. அங்கே நிற்கும் உதவியாள் சிக்னலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சாரதி மறுபேச்சில்லாமல் நம்ப வேண்டும். பென்சனுக்குப் பிறகு அந்த உத்தியோகம் அவர் மனைவியின் தலையில் விழுந்தது. அண்ணனைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கு; அதனால் அவர் மனைவியை நான் மச்சி என்பேன். வீதியோரம் நின்று, கழுத்தைத் திருப்பாமல், “இடப்பக்கம்?” என்பார் காக்கா. “கிளியர்” என்பார் மச்சி. அதன்பிறகுதான் கால் நகரும். சந்தியே சிரிக்கும், என்னையும் சேர்த்து.

சுனாமி வந்த காலையில் ஒரு விருந்துக்காக மூவரும் கடற்கரை வீதியில் தெற்கே நடந்துகொண்டிருந்தோம். கடல் இடப்பக்கம். மச்சி “சிவப்பு” என்றார். அவ்வளவுதான். சனமெல்லாம் என்னவென்று பார்க்கக் கடல் பக்கம் திரும்பியது. காக்கா மட்டும் திரும்பவில்லை. எங்கள் இருவர் கையையும் பிடித்து வயல் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினார். என்ன விசயம் என்று கேட்டேன்.

“அவ சிவப்பெண்டா சிவப்புதான். ஓடு மனெ.”

எங்களுக்குப் பின்னால், நாங்கள் ஓடிய குறுகல் ஒழுங்கைக்குள் கடல் வந்துகொண்டிருந்தது. அன்று அவர் ஒருதரம் எட்டிப் பார்த்திருந்தால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

யுத்தம் முடிந்து, குழியில்லாத வழுவழுப்பான காப்பெட் வீதி வந்தது. வாகனங்கள் பறந்தன. அதற்குள் மச்சியின் கண்ணில் பூ விழுந்துவிட்டது. பக்கத்தில் நிற்கிறவரின் முகமே மங்கல். இனி இடப்பக்கத்தை நான் பார்க்கிறேன் என்று காக்காவிடம் சொன்னேன்.

“மெல்லக் கதை,” என்றார். “அவவுக்குக் கேட்டிரும். அவட வேலைய நான் பறிக்கிறதா?”

அன்று வீதியோரம் ஒரு காரியம் செய்தார். ஒருநாளும் திரும்பாத கழுத்தைத் திருப்பி, இடப்பக்கத்தை நன்றாகப் பார்த்தார். ஒரு லொறி போகும்வரை பொறுத்தார். பிறகு முகத்தை நேரே வைத்துக்கொண்டு கேட்டார்.

“இடப்பக்கம்?”

“கிளியர்,” என்றார் மச்சி, பழைய அதிகாரத்தோடு.

கால்களை அகட்டி ஆடி ஆடிப் போனார் காக்கா. எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். இரண்டு பக்கமும் பாராமல் பின்னாலேயே கடந்தேன்.