தலைக்கு மேலே ஒரு ஸ்டோர் ரூம்

போனில் வீட்டு அலங்கார வீடியோ பார்க்கிற ஆண்பிள்ளை கையில் சுத்தியலைக் கொடுக்கக் கூடாது. இதை நான் சொல்லவில்லை, என் மனைவி ஸ்டெல்லா சொல்கிறாள். சம்பந்தப்பட்ட ஆண்பிள்ளை நானே என்பதால் ஆமோதிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

தீவில் ஜங்லிகாட் என்கிற பகுதியில் எங்களுடையது வாடகை வீடு. ஒரு அறை, ஓர் அடுக்களை, தகரக் கூரை. கட்டிலில் உட்கார்ந்தபடியே பிரிட்ஜைத் திறக்கலாம், டிவியை அணைக்கலாம், வாசலில் நிற்கிறவருக்குக் கை நீட்டித் தண்ணீரும் கொடுக்கலாம் (வசதி என்றும் சொல்லலாமே!). இந்த லட்சணத்தில் தீவுக்காரர்களுக்கே உரிய வியாதி எங்களுக்கும் உண்டு. காற்றும் மழையும் பலத்தால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் காய்கறி வராது. அதனால் கிடைக்கிறபோதே மூட்டையாக வாங்கிப் போட்டுவிடுவோம். குழாயில் தினமும் தண்ணீர் வராது, ஆகவே கேன் கேனாகத் தண்ணீர் வேறு. போதாக்குறைக்கு, மெயின்லேண்டுக்குப் போய் வரும்போதெல்லாம் அட்டைப் பெட்டிகள். எங்கள் வீட்டில் சாமான்கள் குடியிருந்தன, நாங்கள் அவற்றின் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருவில் அன்பியம் என்று ஒன்று உண்டு. கோயிலைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி ஜெபிப்பது. எங்கள் முறை வரும்போதெல்லாம் ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல் வரும், எனக்கு ஆபீஸ் டூட்டி வரும், சில சமயம் இருவருக்கும் ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள். யாருமே நம்பவில்லை. ஒருநாள் பக்கத்து வீட்டு விக்டோரியா அக்கா எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்.

"ஏன் ஸ்டெல்லா, எல்லார் வீட்டு சுண்டலையும் சாப்பிடுதே. ஒன் வீட்டு வாசப்படிய நாங்க மிதிக்கவே கூடாதா?"

ஸ்டெல்லா அன்று சுண்டலைத் தொடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் முன்னால் நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அடுத்த மாசம் நம்ம வீட்டுலதான் ஜெபம். சொல்லிட்டு வந்துட்டேன். இந்தச் சாமான எங்க வைப்பீங்களோ, எனக்குத் தெரியாது. எனக்குத் தரை வேணும்."

இப்படித்தான் ஒரு மேதைக்கு அழைப்பு வந்தது. அப்போது எனக்குப் பிடித்த வீடியோ எல்லாமே சின்ன வீட்டுக்குப் பெரிய யோசனைகள்தான். படிக்குக் கீழே அலமாரி, கட்டிலுக்குள் இழுப்பறை என்று வெள்ளைக்காரர்கள் செய்துகாட்டுவார்கள். எங்களுக்குப் படியும் கிடையாது, இழுப்பறையை இழுக்க இடமும் கிடையாது. மிச்சமிருந்தது ஆகாயம் ஒன்றுதான். அண்ணாந்து பார்த்தேன். உத்திரம் சும்மா இருந்தது.

என் திட்டத்தைக் கேளுங்கள். உத்திரத்தின் இரண்டு முனையிலும் கப்பி. இரண்டு கப்பியின் மேலும் ஓடுகிற ஒரே கயிறு. கயிற்றின் ஒவ்வொரு நுனியிலும் மைத்துனர் கொடுத்த பழைய மீன்வலையில் ஒரு பொதி. ஒரு பொதியில் வெங்காயமும் உருளைக்கிழங்கும், இன்னொன்றில் போர்வைகள், சூட்கேஸ், கிறிஸ்துமஸ் குடில் சாமான்கள். இரண்டும் தராசுத் தட்டு மாதிரி சம எடையில் தலைக்கு மேலே தொங்கும். ஒன்று வேண்டுமென்றால் அதைக் கீழே இழுத்தால் போதும், மற்றது தானாக மேலே போய்விடும். முடிச்சு வேண்டாம், ஆணி வேண்டாம். என் தாத்தா கடலுக்குப் போனவர், கயிறும் கப்பியும் என் ரத்தத்திலேயே ஓடுவதாக ஸ்டெல்லாவிடம் சொன்னேன். (எனக்குக் கப்பல்துறையில் நின்று கப்பலைப் பார்த்தாலே குமட்டும். அது வேறு விஷயம்.)

கப்பி வாங்கிய கடையில் தெலுங்குக்கார முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கித்னா வஜன் ஹோகா, பையா?" எவ்வளவு எடை வரும் என்று கேட்டார்.

"தோடா சா ஹை," கொஞ்சம்தான் என்றேன் கம்பீரமாக.

தொங்கவிட்ட அன்று தரை தெரிந்தது. அதில் பச்சை நிறத்தில் பூ டிசைன் இருப்பதைக் குடிவந்து இத்தனை வருஷத்தில் அன்றுதான் கண்டோம். ஸ்டெல்லா குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தாள். "பரவால்லியே!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் வாங்கிய மிகப்பெரிய பட்டம் அதுதான்.

ஜெபத்துக்கு முந்தைய வாரம் காற்று கிளம்பி, கப்பல் நின்றது. பஜாரில் வெங்காயம் தங்கமாகிவிட்டது, பிறகு தங்கமும் கிடைக்காமல் போனது. விக்டோரியா அக்கா கிண்ணத்தோடு வந்தார்.

"ரெண்டு வெங்காயம் இருந்தா குடேன் ஸ்டெல்லா. குழம்பு வைக்கணும்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். வெங்காயப் பொதிக்கு நேர் கீழே அப்போதுதான் கட்டிலை நகர்த்திப் போட்டு, கட்டில்மேல் பீரோச் சாமானை எல்லாம் இறக்கி வைத்திருந்தேன். பொதியைக் கீழே கொண்டுவர வேண்டுமென்றால் பாதி வீட்டைத் தெருவில் வைக்க வேண்டும். முடியாது என்று நான் மெல்லத் தலையை ஆட்டினேன்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணுகூட இல்லக்கா," என்றாள் ஸ்டெல்லா. அவர் போனதும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கஞ்சத்தனத்துக்காக வெங்காயத்தை ஒளித்தவர்கள் உண்டு. இன்ஜினியரிங்குக்காக ஒளித்தது நாங்கள் மட்டும்தான்.

ஜெப நாள் வந்தது. நல்ல மழை. எல்லாரும் வருவதற்குச் சற்று முன்னால் ஸ்டெல்லா ஸ்டூலில் ஏறி, விருந்தாளிகள் உட்காருவதற்காகப் போர்வைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் விரித்துவிட்டாள். எடை குறைந்தால் என்ன ஆகும்? வெங்காயப் பொதி மெல்ல இறங்கத் தொடங்கியது. நான் பாய்ந்து போய்த் தாங்கிப் பிடித்தேன்.

"என்னங்க செய்யுதீங்க? ஆளுங்க வாசல்ல நிக்காங்க!"

யோசிக்க நேரமில்லை. கைக்கு எட்டிய தண்ணீர்க் கேன் ஒன்றைத் தூக்கிப் போர்வை இருந்த வலைக்குள் திணித்தேன். தராசு சமமானது. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்றேன்.

ஜெபத்துக்காகக் கட்டிலை மறுபடி சுவரோரம் தள்ளியிருந்தோம். வீடு நிறைந்தது. அன்பியத் தலைவர் மரியதாஸ் அண்ணன் கேன் தொங்கிய பக்கம் உட்கார்ந்தார். விக்டோரியா அக்கா வெங்காயத்துக்குக் கீழே. மேலே தொங்கிய இரண்டையும் ஸ்டெல்லாவின் பழைய சேலைகளால் சுற்றி, கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒட்டியிருந்தேன். "அழகா ஜோடிச்சிருக்கியளே!" என்று அக்கா பாராட்டவும் செய்தார். ஸ்டெல்லாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கும் மனசு குளிர்ந்தது.

அந்தக் கேனின் மூடி சரியாக மூடாது என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் அதைப் படுக்கப் போட்டதும் நான்தான்.

ஜெபமாலை பாதியில் இருக்கும்போது மரியதாஸ் அண்ணன் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் துடைத்துக்கொண்டார். மழை நாள், தகரக் கூரை, யாரும் சந்தேகப்படவில்லை. சொட்டு ஒழுக்கானது. பக்தியுள்ள மனிதர், அப்படியே சற்று நகர்ந்து கொண்டார். நான் மட்டும் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு, தண்ணீர் போகப்போக என் தராசு சாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயப் பொதி சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பிடிக்கலாமென்றால் நடுவில் முழங்கால்களும் கைக்குழந்தைகளும். ஸ்டெல்லாவுக்குச் சைகை காட்டினேன். நான் பக்தியில் கையை விரிப்பதாக நினைத்து அவளும் விரித்தாள்.

மரியதாஸ் அண்ணன் மன்றாட்டைத் தொடங்கினார்.

"ஆண்டவரே, காத்து தணியணும். கப்பல் சீக்கிரம் வந்து சேரணும். ஒம்ம பிள்ளைங்க வீட்டுல அடுப்பெரிய வெங்காயம் காய்கறியெல்லாம் நீர்தான் தரணும்னு..."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்றார்கள் எல்லாரும்.

பொதி விக்டோரியா அக்கா மடியில் வந்து உட்கார்ந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். சேலை விலகிய இடத்தில் வலைக்கண் வழியாக ஒரு வெங்காயம் அவரை எட்டிப் பார்த்தது. அக்கா அதைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ தழுதழுத்த குரலில், "அல்லேலூயா!" என்றார்.

அக்கா கடைசியாக ஸ்டெல்லாவைப் பார்த்தார். "ஒண்ணுகூட இல்லன்னியே?"

ஸ்டெல்லா செத்தே போனாள். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எழுந்து, "ஒண்ணுமில்லக்கா, இத எடுத்துருதேன்," என்றபடி அக்காவின் மடியிலிருந்து பொதியை இரண்டு கையாலும் தூக்கினேன்.

இந்தப் பக்கம் கனம் போனால் அந்தப் பக்கம் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். சூட்கேசும், குடிலும், மிச்சத் தண்ணீரோடு கேனும் ஒரே வீச்சில் மரியதாஸ் அண்ணன் நகர்ந்து உட்கார்ந்த இடத்திலேயே வந்து இறங்கின. நல்லவேளையாகத் தலையில் படாமல் மடியில் விழுந்தன. அவர் தொப்பலாக நனைந்து, ஒரு கையில் களிமண் ஆட்டுக்குட்டியும் மறு கையில் சூசையப்பரின் தலையுமாக உட்கார்ந்திருந்தார். வேகமாக வந்த கயிறு என்னைக் கட்டிலில் தள்ள, வலை கிழிந்து வெங்காயம் வீடு முழுக்க உருண்டது.



ஸ்டெல்லா எழுந்து நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராக அடுக்களைக்குப் போய் முறத்தோடு வந்தாள். "அக்கா, பொய் சொன்னது நான்தான். தூண்டிவிட்டது இவரு. மேல மாட்டுனத எறக்கத் தெரியாத மனுசன். மன்னிச்சிக்கிட்டு ஆளுக்குக் கொஞ்சம் பொறுக்கிக்கோங்க," என்றாள்.

விக்டோரியா அக்கா முகத்தில் கோபத்தைப் பிடித்துவைக்கத்தான் பார்த்தார். மரியதாஸ் அண்ணன் ஆட்டுக்குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததும் அது முடியாமல் போயிற்று. அக்கா சிரித்த சிரிப்பில் எங்கள் தகரம் அதிர்ந்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். வயசான பெண்கள் முதற்கொண்டு கட்டிலுக்கடியில் தவழ்ந்து வெங்காயம் பொறுக்கினார்கள். ஈரத்தோடு உட்கார்ந்து மரியதாஸ் அண்ணன் சுண்டலைக் காலி செய்தார்.

உத்திரத்தில் இப்போது கப்பி கிடையாது. சாமான் மறுபடி தரைக்கு வந்துவிட்டது, பூ டிசைன் மறைந்துவிட்டது. ஆனால் வீடு சின்னது என்று சாக்குச் சொல்லி இனி நாங்கள் தப்பவே முடியாது. கப்பல் நின்றால் போதும், யார் முறையாக இருந்தாலும் அன்பியம் எங்கள் வீட்டில்தான் கூடவேண்டும் என்று தெருவே ஒரே பிடியாக நிற்கிறது. ஸ்டெல்லா வீட்டில் கேட்டால் கேட்டபடியே கிடைக்கும் என்கிறார்கள். மன்றாட்டு தொடங்கியதும் எல்லாரும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, மறு கண்ணால் கூரையைப் பார்க்கிறார்கள். விக்டோரியா அக்கா ஜெபமாலையோடு கூடவே ஒரு காலிப் பையும் கொண்டுவருகிறார்.