திட்டினால்தான் கிளம்பும்

பெட்டி அன்றைக்கும் எழுந்திருக்கவில்லை.

ஸ்விட்சைப் போட்டால் பச்சை விளக்கு எரியும், உள்ளே விசிறி சுற்றும். அவ்வளவுதான். பிறகு பிணம் மாதிரி கிடக்கும். காலையிலிருந்து போட்டுப் போட்டு அணைத்ததில் ஸ்விட்சே தொளதொளத்துவிட்டது.

கல்யாணமான மறுவாரமே வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் ஆபீசில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்திருந்தது. இப்போது மனைவிக்கு ஏழாவது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதற்கு மேனேஜர் வைத்த நிபந்தனைதான் இந்தப் பெட்டி. சரக்கு இறக்கும் யார்டில் கிரேனை இயக்குகிற பெட்டி. மதியம் அதை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள், கூடவே முதலாளியும் வருகிறார். அவர்கள் முன்னால் எழுந்தால் வேலை நிரந்தரம். எழாவிட்டால் மாப்பிள்ளை மேசையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பழைய மாடலுக்கு ஒற்றை ஆளாகப் புரோகிராம் எழுதியவர் மேனேஜர். அது ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்பதை, தண்ணீர் கேன் போட வருகிறவரைக்கூட நிறுத்திவைத்துச் சொல்லுவார். அதே புரோகிராமைத்தான் புது மாடலுக்காக மாப்பிள்ளையிடம் கொடுத்து, கொஞ்சம் பெருக்கித் துடைத்து வைக்கச் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்குச் சுத்தம் பிடிக்கும். பாதியைப் படிக்காமலே அள்ளி வெளியே கொட்டினான். அன்றைக்குப் படுத்ததுதான் பெட்டி.

எந்த இடத்தில் விழுகிறது என்று தெரிந்தது. ஏன் விழுகிறது என்றுதான் தெரியவில்லை. மூட்டை தூக்கப் புதுக் கிடங்குக்கு வரும் ஆளின் கதிதான் பிராசஸருக்கும். கண் விழித்ததும் எது எங்கே இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. கெர்னல் என்கிற அடிமட்டப் புரோகிராம்தான் மெமரிக்கு ஒரு வரைபடம் தயார் செய்து, அது இருக்கும் இடத்தைக் காட்டி, இனி இதைப் பார்த்து நட என்று சொல்லவேண்டும். சொல்லுகிற வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. சொன்ன மறுகணமே ஆள் மூட்டையோடு குப்புற விழுந்தான்.

போன் அடித்தது. மனைவி.

"எந்திரிச்சுதா?"

"இன்னும் இல்ல."

"என் வயித்துக்குள்ள இருக்கறது விடிஞ்சதுலேருந்து உதைக்குது. அந்தச் சுறுசுறுப்புகூட உங்க பெட்டிக்கு இல்லியே."

அவள் வைத்ததும் மேனேஜர் எட்டிப் பார்த்தார். தன் காலத்தில் இதெல்லாம் அரைநாள் வேலை என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மூளை இருக்கிறது, முதுகுதான் வளைய மாட்டேன் என்கிறது என்றார். மாப்பிள்ளையின் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, ஆறிப்போய்விட்டது என்று குறையும் சொல்லிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளை பல்லைக் கடித்தான். வரைபடத்தைக் கொடுப்பதற்கு முந்தைய வரி வரைக்கும் புரோகிராம் உயிரோடு வருகிறதா என்று பார்க்க, அங்கே ஏதாவது ஒரு வாசகத்தைக் காட்டச் சொல்லி எழுதவேண்டும். தொழிலில் எல்லோரும் செய்வதுதான். 'வந்தாச்சு' என்று எழுதியிருக்கலாம். கை கேட்கவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான்: 'மேனேஜர் ஒரு எருமை மாடு.' ஒயர் வழியாகத் தன் கணினிக்கு மட்டும்தானே வரப்போகிறது.

ஸ்விட்சைப் போட்டான். மேனேஜர் ஒரு எருமை மாடு என்று வந்தது. அதன் கீழே கடகடவென்று வரிகள் ஓடின. பெட்டி எழுந்து உட்கார்ந்து, கிரேன் எங்கே என்று கேட்டது.

பக்கத்து மேசையில் ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் அக்கா எட்டிப் பார்த்து, என்ன மருந்து கொடுத்தாய் என்று விசாரித்தாள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டான். பெட்டி படுத்துவிட்டது. வரியைத் திரும்பப் போட்டான், எழுந்தது. அழித்தான், படுத்தது.

சரி, ஏதோ ஒரு வாசகம்தான் வேண்டும் போலிருக்கிறது, மரியாதையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று 'வணக்கம்' போட்டான். அசையவில்லை. 'மேனேஜர் ஒரு மாபெரும் மேதை' என்று போட்டான். இந்தத் தடவை பெட்டி சும்மா படுக்கவில்லை. தானே அணைந்து தானே எரிந்து, விட்டு விட்டு அலறத் தொடங்கியது. பிளக்கைப் பிடுங்கித்தான் வாயை மூடவேண்டியிருந்தது.

"பொய் சொன்னா அதுக்குச் செரிக்கல போல, தம்பி" என்றாள் அக்கா.

நேரம் போய்க்கொண்டிருந்தது. வாங்குகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், காரணத்தை நிதானமாகத் தேடிக்கொள்ளலாம் என்று எருமையையே திரும்பக் கட்டினான். பெட்டி சமர்த்தாக எழுந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டான்.

அப்போது அக்கா ஒரு சின்னத் திரையை எடுத்துவந்து பெட்டியின் முகப்பில் திருகத் தொடங்கினாள்.

"எதுக்குக்கா இது?"

"பெட்டி கிளம்பறப்ப வர்ற எழுத்தெல்லாம் வர்றவங்க பாக்கணுமாம். மேனேஜர் உத்தரவு. உன் ஒயர்லேருந்தே ஒரு முனை இழுத்துக்கறேன்."

மாப்பிள்ளை எழுந்து அவள் கையைப் பிடித்தான். வேண்டாம் அக்கா என்று கெஞ்சினான். பற்றவைத்துவிட்டேனே, சூடு ஆறவிடு என்றாள். வரியை வேறு மாதிரி மாற்றிப் பார்க்கலாமென்று கீபோர்டில் கை வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேறு வழி இல்லாமல், கறுப்பு டேப்பைக் கிழித்துத் திரையின் மேல் ஒட்டினான்.

வாங்குகிற கம்பெனியின் இன்ஜினியரம்மா முதலில் வந்தார். அவர் பின்னால், இத்தனை நாள் பழைய பெட்டியோடு மல்லுக்கட்டி, இனிப் புதுசோடும் மல்லுக்கட்டப் போகிறவர் என்பதால் கூட்டிவரப்பட்ட கிரேன் ஓட்டுநர், காப்புக்காய்ச்சிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வந்தார். கடைசியில் முதலாளி. அரைக்கைச் சட்டை போட்ட, வாய் திறக்காத மனிதர். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே பல காலம். ஓட்டுநர் அவரை ஆபீஸ் குமாஸ்தா என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"முகத்துல என்னய்யா கட்டு?" என்றார் மேனேஜர்.

"கண்ணாடியில சின்னக் கீறல், சார்."

"புதுப் பொண்ணுக்கு முக்காடு போட்டா காட்டுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே டேப்பை உரித்தார். தானே ஸ்விட்சையும் போட்டார். வந்தவர்களுக்குத் தன் புலமையைக் காட்டும் ஆசையில், திரையில் வருவதை விரல் வைத்து உரக்கப் படிக்கவும் ஆரம்பித்தார்.

"மேனேஜர்... ஒரு... எருமை..."

அதோடு நிறுத்திக்கொண்டார்.

"மாடு" என்று முடித்துவைத்தார் இன்ஜினியரம்மா.

பெட்டி பாட்டுக்கு எழுந்து, தயார் என்று சொல்லிக் காத்திருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்கு மண்டையில் உறைத்தது. பெட்டியை எழுப்பியது திட்டு இல்லை, திட்டின் நீளம். வரைபடம் மெமரியில் ஒரு குறிப்பிட்ட கோட்டில்தான் தொடங்கவேண்டும். துளி விலகினாலும் பிராசஸர் தப்பான இடத்தைப் பார்த்து விழும். அந்த எருமை, தனக்குப் பின்னால் இருந்த வரைபடத்தைச் சரியாகக் கோட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறது. அதே நீளத்துக்கு வெறும் புள்ளிகளை வைத்திருந்தாலும் எழுந்திருக்கும். கோட்டில் தொடங்கு என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் எருமையே வேண்டியிருந்திருக்காது. இப்போது தெரிந்து என்ன பிரயோசனம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவியாகத்தான் இருக்கும். எந்திரிச்சுதா என்றுதான் கேட்பாள்.

மேனேஜரின் காது மடல் சிவந்திருந்தது. முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"இவனை இப்பவே அனுப்பிடறேன், சார். பழைய பெட்டிக்கு முழுக்க நான்தான் எழுதினேன். அதுல யாரையாவது ஒரு வார்த்தை மரியாதை கொறச்சலா எழுதியிருப்பேனா? வேலை தெரிஞ்சா போதுமா, அடக்கம் வேணாமா?"

மாப்பிள்ளை தன் மேசையில் எதையெதை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்று பார்த்தான். ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு குடையும் இருந்தன.

பையனைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, கிரேன் ஓட்டுநர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்:

"விடுங்க சார், இதாவது மேனேஜரோட நிறுத்திக்குது, நீங்க எழுதின பழைய பெட்டி தெனம் காலையில 'முதலாளி ஒரு கழுதை'ன்னு காட்டிட்டுத்தான் கிரேனையே தொட விடும்."