இன்னும் எண்பத்தொன்பது முறை

ருபென் அரோச்சா இன்னும் எண்பத்தொன்பது முறை மட்டையோடு வந்து நின்றால் பிரஸ்டன் விட்லோவின் வேலை போய்விடும்.

விட்லோ, லூயிவில் ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளர். ஆட்களை வாங்குவதும் விற்பதும் அவர் வேலை. வாழ்நாளில் ஒரு பந்தையும் ஒழுங்காகப் பிடித்ததில்லை. ஆனால் பந்து பிடிப்பவர்களைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் ருபெனின் ஒப்பந்தத்தை எழுதியவரும் அவரேதான். மூன்றாவது வருடத்துக்கு ‘ஆப்ஷன்’. பிடித்தால் கிளப் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய சீசனில், அதாவது இந்த சீசனில், ருபென் ஐநூறு முறை மட்டை பிடிக்க வந்துவிட்டால் கிளப்பை யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் தானாகவே உறுதியாகிவிடும்.

“முப்பத்தேழு வயசு முட்டியை வெச்சுக்கிட்டு ஐநூறா? சான்ஸே இல்ல!” என்று அன்று நிருபர்களிடம் சிரித்தார் விட்லோ.

முட்டி செய்தித்தாள் படிப்பதில்லை போலிருக்கிறது. ஜூலை இருபத்தாறாம் தேதிக்குள் நானூற்றுப் பதினொன்று ஆகிவிட்டது.

கிளப்பின் முதலாளி ஹேட்லி ஸ்ட்ரங்க், மெத்தை விற்றுப் பணக்காரர் ஆனவர். போனில் ஒரே வாக்கியம்தான் சொன்னார். “அந்தப் பணம் என்னை விட்டுப் போச்சுன்னா, நீயும் கூடவே போயிடு பிரஸ்டன்.”

விட்லோ பயிற்சியாளர் கஸ் டெமரைக் கூப்பிட்டார்.

“ருபெனை உட்கார வை. முட்டி வலின்னு சொல்லிடு.”

“அவன் வலின்னு சொல்லலையே.”

“வலிக்கும்னு நான் சொல்றேன்ல?”

“உங்க முட்டியா அது?” என்றார் கஸ். ஆனாலும் உட்கார வைத்தார்.

இரண்டு நாள். இரண்டு தோல்வி. ருபெனுக்குப் பதிலாக மைதானத்தில் நின்றவன் மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டான். ஒரு பந்தைப் பிடித்தான், மூக்கால்.

மூன்றாம் நாள் காலை ருபெனின் ஏஜென்ட் கொரீன் லெஸ்கோ அழைத்தாள்.

“பிரஸ்டன், ஆப்ஷன் பணத்தைக் குடுக்காம இருக்க ஆளை உட்கார வெச்சா அதுக்கு என்ன பேர் தெரியுமா?”

“ஓய்வு.”

“புகார். ஆட்டக்காரர் சங்கத்துல இப்பவே ஃபைல் திறந்து வெச்சிருக்காங்க. இன்னிக்கு அவர் ஆடலைன்னா உன் பேரை அட்டையில எழுதிடுவாங்க.”

அன்று ருபென் ஆடினார். ஐந்து முறை மட்டை பிடித்தார், அதில் இரண்டு முறை பந்து வேலி தாண்டிய ஹோம் ரன். மறுநாள், மழையால் நின்றுபோன பழைய ஆட்டத்தையும் சேர்த்து இரண்டு ஆட்டம். அதில் ஒன்பது முறை. இரண்டு நாள் ஓய்வு அந்த முட்டிக்கு அமிர்தம்போல வேலை செய்திருந்தது. மீதி எழுபத்தைந்து.

ஜூலை முப்பத்தொன்று. அன்று மாலை ஆறு மணியோடு கிளப்புகள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு முடிகிறது. ஆளையே தள்ளிவிடுவது என்று விட்லோ முடிவு செய்தார். போர்ட்லாந்து அணியின் மேலாளர் ஹாலிஸ் க்வாரியைப் போனில் பிடித்தார்.

“அருமையான ஆளு, ஹாலிஸ். நேத்துக்கூட அடிச்சு நொறுக்கினாரு.”

“அப்புறம் ஏன் விக்கறே?”

“உன் மேல ஒரு பிரியம்.”

“ஒப்பந்தத்தை நானும் படிச்சேன்பா. அடுத்த வருஷ சம்பளம் என் தலையில விழும். அதுக்கு டில்ஹார்ட்டைக் குடு.”

டில்ஹார்ட் நூறு மைல் வேகத்தில் பந்து வீசுபவன். லூயிவில்லில் டிக்கெட் விற்பதே அவன் பெயரைச் சொல்லித்தான். ஆனால் விட்லோவுக்குத் தன் நாற்காலி அவனைவிட நெருக்கமான சொந்தம்.

“சரி.”

நாலரை மணிக்கு லெஸ்கோ மறுபடி போனில் வந்தாள். “ஒன்பதாம் பக்கம் படிச்சியா? அவர் சம்மதம் இல்லாம அவரை மாத்த முடியாது.”

அதையும் விட்லோதான் கொடுத்திருந்தார், சம்பளத்தில் கொஞ்சம் குறைப்பதற்காக.

“சம்மதத்துக்கு என்ன வேணும்?”

“ஐநூறு, எழுபத்தைந்துன்னு எண்ணறதை எல்லாம் விட்டுடு. அடுத்த வருஷம் உறுதின்னு இப்பவே எழுத்துல குடு.”

விட்லோ மறுபடி க்வாரிக்குப் போன் போட்டார்.

“ஐநூறு வந்தா குடுக்கறது வேற, வராட்டியும் குடுக்கறது வேற” என்றார் க்வாரி. “பாதிச் சம்பளம் உன் செலவு. ஷார்ட்ஸ்டாப் இடத்துல நின்னு பந்து பிடிக்கிற உன் ஆளையும் சேர்த்து அனுப்பு.”

“எனக்கு என்ன தருவே?”

“ஒரு ஆட்டக்காரர். பேரு அப்புறம் சொல்றேன்.”

“அப்புறம்னா?”

“எனக்கு வேண்டாத ஆளு யாருன்னு தெரிஞ்சதும்.”

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு விட்லோ கையெழுத்துப் போட்டார். உடனே முதலாளிக்குப் போன். “சார், உங்களுக்கு அறுபது லட்சம் மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்கேன்!” சொல்லும்போது குரல் தழுதழுத்தது. தன் புத்திசாலித்தனத்தை நினைத்தால் அவருக்கு எப்போதுமே அப்படித்தான்.

பிறகு கண்ணாடியில் ஒரு சோக முகத்தைச் சரிசெய்துகொண்டு, ருபெனை வழியனுப்ப உடைமாற்றும் அறைக்கு இறங்கினார். ருபென் அங்கே இல்லை. சீருடை துவைக்கும் ஸ்டூ மட்டும் அவருடைய பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கே ருபென்? ரொம்ப வருத்தமா இருக்காரா?”

“வருத்தமா? வெளியில போன்ல இருக்காரு சார்” என்றார் ஸ்டூ. “அடுத்த வருஷக் காசே வேண்டாம், இந்த சீசனோட ஓய்வுன்னு சொல்லி ஊர்ல மீன்பிடிப் படகுக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தாரு. இப்ப ‘பெஞ்சுல உட்கார்ந்திருந்தாலும் காசுன்னு எழுதியே குடுத்துட்டாங்களே, ஓய்வு பெற்றா அது போயிடுமே’ன்னு அந்தப் படகை வேண்டாம்னு சொல்லிட்டிருக்காரு.”