சுருட்டுச் சாமிக்கு ஒரு மிஸ்டு கால்

செல்போனில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் குடும்பம் நடத்திய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த எங்கள் மிஸ்டு கால் மாமா. ஒரு ரிங் விட்டால் ‘சரி’. இரண்டு விட்டால் ‘என்னாச்சு?’ மூன்று விட்டால் ‘உடனே வா’. ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ஒரு ரிங் விடுவார். வீட்டில் அத்தை உலை வைப்பாள். ஒருநாள் கை தவறி அது மூன்றாகிவிட, அத்தை பாதி காலனியைத் திரட்டிக்கொண்டு சுரங்க வாசலுக்கு ஓடினாள். மாமா அங்கே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

அவருடைய ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. ஊரைக் காலி செய்தபோது மற்றவர்கள் பீரோவையும் கட்டிலையும் ஏற்றினார்கள். மாமா சுருட்டுச் சாமியை மினி லாரியில் ஏற்றி, புது இடம் வரும்வரை கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார். சம்மணம் போட்டுக் கண் மூடியிருக்கும் கல்லுச்சாமி. ஆடி மாதம் அதற்குச் சேவல் அறுத்து, சுருட்டுக் கொளுத்தி வைப்பது பரம்பரையாக மாமா வீட்டு வேலை.

அந்த வருஷம் ஆடிக்கு முன்னால் டவுன்ஷிப்பிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் சாமியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது புத்தருங்க. எறும்பக்கூட மிதிக்காதவரு. இவருக்கா சேவல் அறுக்கறீங்க?” என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரில் போய்விட்டார்.

மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. படையலுக்கு வாங்கிய சேவல் காலில் கயிற்றோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் சுற்றியவன். அப்போது கொழும்புக்குத் துணி மூட்டை கொண்டுபோகும் குருவி வேலை. மாமா தேடி வந்தார்.

“அங்க புத்தர் கோயிலு நெறையாமே, மாப்ள. ஒரு நா சுத்திப் பாத்து, கேட்டுகினு வா.”

“என்னான்னு மாமா கேக்கறது?”

“எங்க கையாலயே ரத்தம் காட்டிகினு இருந்தமே. அந்தக் கோவத்துலதான் ஊரு பள்ளத்துல போச்சான்னு கேளு. ராவெல்லாம் நெஞ்சு அடிச்சிகினே இருக்குதுடா.”

கொழும்பில் மூட்டையை இறக்கிவிட்டு, மறுநாள் அந்த ஊர் நெரிசலில் தனியாகக் கிளம்பினேன். முதல் விகாரையில் வெள்ளை உடுத்தியவர்கள் கண் மூடி உட்கார்ந்திருந்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும்தான். என் சட்டைப்பையில் ரிங்டோனாக வைத்திருந்த நாதஸ்வரம் கிளம்பியது. இரண்டு ரிங். நின்றது. எல்லாக் கண்ணும் திறந்தது.

அடுத்த விகாரையில் ஒரு பிக்குவிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார். நான் கையால் கொண்டை காட்டி, கழுத்தை அறுத்தும் காட்டினேன். அவர் பயந்துபோய் இன்னொரு நூல் கட்டினார். மறுபடி இரண்டு ரிங்.

ஏரிக்கரை விகாரையில் வரிசை வரிசையாகப் புத்தர்கள். எல்லாத் தலையிலும் சுருள் சுருளாக முடி. எங்கள் சாமி தலையிலும் அதேதான். கல் கொத்தியவன் விட்ட பிசிறு என்று நினைத்திருந்தோம். அங்கேயே சிரித்துவிட்டேன்.

வாசலில் தாமரை விற்ற அம்மா, மலையகத்துத் தமிழ். எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். பூவுக்குத் தண்ணீர் தெளித்தபடி கேட்டார்.

“ஊரு போனப்ப சாமி என்ன செஞ்சிச்சு?”

“எங்ககூட லாரியிலதாங்க வந்துச்சு.”

“கோவம்னா கூட வந்திருக்குமா? இனிமே சேவல விட்டுட்டு பூவ வைக்கச் சொல்லுங்க. ஒங்களுக்கு வெள்ளையா, செவப்பா?”

மாமாவைக் கூப்பிட்டேன். எடுத்தார். அவர் குரலைப் போனில் கேட்டது அன்றுதான் முதல்முறை.

“மாமா, அது சுருட்டுச் சாமி இல்ல. சுருட்டைச் சாமி. தலைமுடி.”

“அப்ப சுருட்டு?”

“உங்க தாத்தாவுக்கு வேண்டியிருந்திருக்கும்.”

“அணைஞ்சிடக் கூடாதேன்னு நானும் பாதி இழுத்துட்டுதான்டா வைப்பேன்.”

பூக்கார அம்மா சொன்னதைச் சொன்னேன். ‘கூட வந்திருக்குமா’ என்ற இடத்தில் லைன் கட்டாகிவிட்டது. டவர் போலிருக்கிறது என்று விகாரைப் படியில் உட்கார்ந்தேன். வெயில் இறங்கிய பிறகு நாதஸ்வரம் கிளம்பியது. ஒரு ரிங்.

அந்த ஆடியில் சாமிக்குத் தாமரை. பறிக்கக் குளத்தில் இறங்கிய மாமா சேற்றில் மாட்டிக்கொண்டு, கரையில் நின்ற அத்தைக்கே மூன்று ரிங் விட்டார். கயிறு அவிழ்க்கப்பட்ட சேவல், காலனியில் அத்தையைத் தவிர எல்லோரையும் கொத்தியது. மாமாவைக் கொஞ்சம் கூடுதலாக.

இப்போது போனில் எவ்வளவு பேசினாலும் காசு கேட்பாரில்லை. ஆனாலும் மாமா பேசுவதில்லை. நான் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் கிடந்தாலும் சாயங்காலம் அவருக்கு இரண்டு ரிங் விடுகிறேன். அந்த ஒரு ரிங் திரும்பி வரும்வரை சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்க மனம் வருவதில்லை.