வெள்ளிக்கிழமை கூரியரைப் பிரிக்க வேண்டாம்

ஆம்பூர்,
வியாழக்கிழமை, மத்தியானம்.

அம்பிகாவின் கணவர் திரு. வசந்த் அவர்களுக்கு,

வேதாசலம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் ரங்கம்மாளும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ரங்கம்மாள் நலம். நான் நேற்றிலிருந்து நலமாக இல்லை, என் சட்டையும் இல்லை. அங்கு உங்கள் நலத்தையும், என் மகள் நலத்தையும், உங்கள் ஷெட்டில் கூரையை வெட்டுவதற்காக வரிசையில் நிற்கும் கார்களின் நலத்தையும் அறிய ஆவல்.

முதலில் அவசரமான விஷயம். நாளை வெள்ளிக்கிழமை ஆம்பூரிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு கூரியர் கவர் வரும். அதைப் பிரிக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டு வாங்கி அப்படியே கொளுத்திவிடவும். ஏன் என்று கேட்காமல் செய்வீர்கள் என்றால் கடிதத்தை இத்தோடு முடித்து என் ஆசியைச் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் எதையும் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர். ஆகவே நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். படித்துவிட்டுத் தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு உங்கள் கவர் வந்தது. அப்போது ரஃபி அகமது இங்கேதான் இருந்தார். ரஃபி யார் என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் இந்த வீட்டுக்கு ஒரு தடவைதான் வந்திருக்கிறீர்கள், அதுவும் நான் கடைக்குப் போயிருந்தபோது. அவரும் நானும் ஒரே தோல் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் செலக்ஷன் மேஜையில் எதிரும் புதிருமாக நின்றவர்கள். தோல் வந்தால் தொட்டு, மடித்து, இழுத்துப் பார்த்து, இது முதல் தரம், இது ரெண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று சொல்வதுதான் வேலை. ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. ரஃபி போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் ஷூவைக் குனிந்து கிள்ளிப் பார்த்துவிட்டார்.

கவருக்குள் உங்கள் கார் ஷோ அழைப்பிதழ் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூர், மைதானத்தில் எழுபது கார்கள். கூடவே உங்கள் வண்டியின் போட்டோ. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற ஆம்னி வேனாக இருந்தது என்று அம்பிகா சொல்லியிருந்ததால் கண்டுபிடித்தேன். கூரையைக் காணோம். கதவு கோழி இறக்கையை விரித்த மாதிரி மேலே போகிறது. வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது, அடியில் ஒரு சப்பாத்திக் கட்டை உருளாது. எங்கள் தெருமுனையில் இருக்கிற ஸ்பீட் பிரேக்கரை இந்த வண்டி எப்படி ஏறும் என்று ரஃபியைக் கேட்டேன். "இது ஏறாது வேதா. இத லாரில ஏத்திதான் ஷோக்கு கொண்டு போவாங்க, போட்டோ பின்னாடி போட்ருக்கான் பாரு" என்றார். பார்த்தேன். போட்டிருந்தது. ஓட்டக்கூடிய ஒரு வண்டியை ஓட்ட முடியாததாக்கி, அதை லாரியில் ஏற்றிக்கொண்டு நீங்கள் போவீர்கள். அதைப் பார்க்க முந்நூற்று முப்பது கிலோமீட்டர் நாங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இது எந்த ஊர் நியாயம்?

சரி, அதை விடுங்கள். கவருக்குள் இன்னொன்றும் இருந்தது. கையகலத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு. மூலையில் ஓட்டை, நடுவில் ஒரு நம்பர். எங்கள் ஊரில் தபாலில் கையகலத் துண்டு ஒன்று, மூலையில் ஓட்டையோடு, வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாம்பிள். வளையத்தில் கோத்து மாட்டுவதற்காகத்தான் ஓட்டையே போடுவார்கள். ஆம்பூரில் நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், டீக்கடைக்காரர் கூடச் சொல்வார். அதோடு மூன்று மாதம் முன்பு நான்தான் அம்பிகாவிடம் போனில் சொல்லியிருந்தேன்: "வண்டி சீட்டுக்கு எது போட்டாலும் மொதல்ல எனக்கு ஒரு துண்டு அனுப்பு." அவள் "சரிப்பா" என்றாள். அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை. நேற்று அந்தத் துண்டைப் பார்த்ததும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழித்து என்னை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆகவே ஒரு சாம்பிளுக்குச் செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மடித்தேன். சுருக்கம் விழவில்லை, அப்போதே மனசு கேட்கவில்லை. ரஃபி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. "இன்னா இது, கோட்டிங் ஜாஸ்தியா கீது, தோல் கம்மியா கீது" என்றார். மூலையைக் கத்தரியால் வெட்டிப் பார்த்தால் அடியில் துணி. தோலே இல்லை, ரெக்ஸின்! இருந்தாலும் நெருப்பு வைத்துப் பார்க்காமல் முடிவு சொல்வது தொழில் தர்மம் இல்லை என்று சமையல்கட்டுக்குப் போய் கேஸ் அடுப்பில் காட்டினோம். நிஜத் தோல் கருகினால் முடி கருகின வாசனை வரும், லேசில் பற்றாது. இது பற்றிக்கொண்டது. ரஃபி கையை உதறினார், துண்டு பறந்து என் சட்டைப் பையில் வந்து உட்கார்ந்தது, கறுப்புப் புகை. ரங்கம்மாள் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு சாமுவேல் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று நினைத்து ஒரு பக்கெட் தண்ணீரோடு ஓடி வந்து, எங்கே நெருப்பு என்று கேட்காமலேயே மூன்று பேர் மேலும் ஊற்றிவிட்டார். அது மீன் கழுவி வைத்த தண்ணீர் என்பதை ஊற்றிய பிறகு சொன்னார்.

உடம்பு முழுக்க மீன் வாசனையோடு நின்றுகொண்டிருந்தபோது எனக்கு வந்த கோபத்தை நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். செலக்ஷன்காரன் மகள், ஆம்பூரில் பிறந்தவள், காருக்கு ரெக்ஸின் போடுகிறாள், அதற்கு என்னையே சாம்பிள் பார்க்கச் சொல்கிறாள். ரிட்டயர் ஆன அன்று கம்பெனியில் கொடுத்த என் பழைய ரப்பர் ஸ்டாம்ப் பீரோவில் இருக்கிறது. எடுத்தேன். ஓரம் கருகி மிஞ்சியிருந்த துண்டின் பின்பக்கம் "ரிஜெக்ட்" என்று அடித்தேன். கீழே, வழக்கமாக எழுதுகிற மாதிரியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: "பார்க்க அசல் மாதிரி இருக்கிறது. அசல் இல்லை. எங்களுக்கு ஏற்றதல்ல. அனுப்பியவரே எடுத்துக்கொள்ளவும்." சாயங்காலமே கூரியரில் போட்டேன். அனுப்பியவர் என்று கவரில் உங்கள் பெயர் இருந்தது. ஆகவே உங்கள் பெயருக்கே போட்டேன்.

இன்று காலை ரங்கம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு அழைப்பிதழின் ரெண்டாம் பக்கத்தைப் படித்தாள். அப்படி ஒரு பக்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. "உள்ளே வர இத்துடன் உள்ள கறுப்புப் பட்டையைக் காட்டவும். காட்சிக்கு வைப்பவரின் வீட்டுப் பெரியவர்கள் இருவருக்கு மட்டும். ஒரு வீட்டுக்கு ஒன்றுதான், மாற்றுத் தரப்பட மாட்டாது." இதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

நான் கேட்கிறேன், பாஸ் என்றால் அதைக் காகிதத்தில் அடிக்க வேண்டியதுதானே? காலம்காலமாகக் காகிதத்தில்தானே அடித்தார்கள்? ஆம்பூருக்கு அனுப்புகிற கவரில் தோல் மாதிரி ஒரு துண்டை வைத்து, அதில் ஓட்டையும் போட்டு அனுப்பினால் நாங்கள் என்ன செய்வோம் என்று யோசிக்க வேண்டாமா?

உடனே கூரியர் ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டரில் மெர்சி என்று ஒரு பெண். "அங்கிள், அது நேத்தே போய்ட்சு. இப்ப சேலத்துல கீது" என்றாள். நிறுத்தும்மா என்றேன். "நிறுத்தணும்னா லெட்டர் எழுதிக் குடுங்க அங்கிள்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அந்த லெட்டர் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டேன். "நாளைக்கு வண்டில" என்றாள்.

உங்களுக்கு போன் செய்யலாம்தான். இந்த ரெண்டு வருஷத்தில் நாம் போனில் பேசியது மொத்தம் மூன்று வாக்கியம். "நல்லா இருக்கீங்களா?" "இருக்கேன் மாமா." "அம்பிகா கிட்ட குடுங்க." இதற்கு மேல் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. அம்பிகாவிடம் நீயாவது பேசேன் என்று ரங்கம்மாளைக் கேட்டேன். "ஸ்டாம்ப் அடிச்சது யாரு? நானா? எங்களுக்கு ஏத்ததில்லன்னு எழுதனது யாரு? கல்யாண மண்டபத்துல நாலு பேர் எதிர்ல அதயேதான சொன்னீங்க? இப்ப எழுதியும் அனுப்பிட்டீங்க. நீங்களே பேசிக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள். இந்தக் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்துவிட்டு "மாப்பிள்ளன்னு எழுதனா கை சுளுக்கிக்குமா?" என்றும் கேட்டாள்.

மண்டபத்தில் நான் சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்காது என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனி ஒழுங்காகச் செய்து கொடுத்த வண்டியை வெட்டுகிறவன் குடும்பத்தை மட்டும் ஒழுங்காக வைத்திருப்பானா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். மைக் பக்கத்தில் இருந்தது எனக்குத் தெரியாது.

ஆகவே வருகிறேனா இல்லையா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். தூரம் ஜாஸ்தி. ரஃபியின் காரில் ஏசி கிடையாது, பின்கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. ரங்கம்மாளுக்கு முழங்கால் வலி, திருப்பத்தூர் தாண்டினாலே இறக்கிவிடு என்பாள். பார்க்கப் போகிற வண்டி ஓடாது. அதன் சீட் தோலா ரெக்ஸினா என்பதை இன்னும் யாரும் என்னிடம் சொல்லவில்லை. இருந்த பாஸையும் நாங்கள் கருக்கித் திருப்பி அனுப்பிவிட்டோம். எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தாலும் அந்த ஷோ அவ்வளவு தூரம் வரத் தகுந்தது இல்லை. இது என் தீர்மானமான முடிவு. யாரும் வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் வண்டிக்குப் பரிசு கிடைக்கட்டும். அது லாரியிலிருந்து பத்திரமாக இறங்கட்டும். அம்பிகாவை வெயிலில் நிற்கவிடாதீர்கள். நீங்கள் இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி.

இப்படிக்கு,
வேதாசலம்.

பி.கு. (வியாழன் சாயங்காலம்): ரஃபி இதைப் படித்துப் பார்த்தார். "வேதா, அந்தக் கவர் வெள்ளிக்கிழம போவும். இந்த லெட்டர் சனிக்கிழம போவும். பிரிக்காதன்னு பிரிச்ச அப்புறம் சொல்றியே" என்றார். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கடிதம் தபாலில் போகவில்லை.

பி.கு. இரண்டு (ஞாயிறு, காலை பத்தரை, மைதானத்து கேட்): சனிக்கிழமை கெளம்பி சேலத்துல ரஃபியோட மச்சினி வீட்ல தங்கி வந்து சேர்ந்துட்டோம். ரங்கம்மாள் திருப்பத்தூர் தாண்டியும் எறங்கறேன்னு சொல்லல, சீக்கிரம் ஓட்டுன்னுதான் சொன்னா. போன் போட்டோம், உள்ள பாட்டுச் சத்தத்துல ரெண்டு பேருமே எடுக்கல. பட்டை இல்லாம உள்ள விட மாட்டேங்கிறாங்க. யாரைப் பார்க்கணும்னு கேட் ஆள் கேட்டான். "என் மாப்பிள்ளையை"ன்னு சொன்னேன். ரங்கம்மாள் திரும்பிப் பார்த்தா. அவன் இந்தக் கடிதத்தை உங்க கையில குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டான்.

மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை வந்த கவரைப் பிரிச்சிருப்பீங்க. அதுல எழுதினது அந்தத் துண்டுக்கு, உங்களுக்கு இல்ல. உங்களுக்கு அடிச்ச ஸ்டாம்ப் வேற, அது மண்டபத்துல அடிச்சது. முப்பத்தாறு வருஷத்துல தொட்டுப் பார்க்காம, பக்கத்துல நின்னு பார்க்காம நான் ரிஜெக்ட் பண்ணது உங்க ஒருத்தரைத்தான். அது தப்பு. மேஜைல அப்படி யாராவது பண்ணியிருந்தா நானே அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

கவரைக் கொளுத்தச் சொன்னதைச் செஞ்சிடாதீங்க. ஓரம் கருகியிருந்தாலும் நம்பர் தெரியுதுன்னா விடறேன்னு கேட் ஆள் சொல்றான். அந்தத் துண்டை எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கு, உங்க அத்தை நின்னுக்கிட்டு இருக்கா.